பறங்கிப் பெயரும் பரதகுலப் பெருமையும்

(தூத்துக்குடிக் கடற்கரையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் ஜாதி ஒழிப்பு என்பதாகும். இதைப்பற்றி அநேகர் அநேக தடவை உங்கள் முன் பேசியிருக்கின்றார்கள். ஆதலால் பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவதைவிட, இந்த ஊருக்கே சொந்தமான ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு பேசுவது அதிகப் பிரயோஜனமாயிருக்கும் என்று கருதுகின்றேன். அது என்னவென்றால், உங்களில் அநேகருடைய பெயருக்குப் பின்னால் இருக்கின்ற பெர்னாந்து, ரொட்ரிகோ, மோத்தா, கோமஸ், மச்சாது, மிராந்தா, வாஸ் என்பவைகளான பெயர்களைப் பற்றியதாகும். நான் சொல்லுவதில் உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தள்ளிவிடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை.

இந்த விஷயத்தை இன்று எடுத்துக்கொள்ளக் காரணம் ஓர் இளைஞர். இன்று காலை நான் தங்கியிருந்த வீட்டுக்கு அவர் வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கலாம். படம் எழுதுகின்றவர். வயிற்றுப்பாட்டுக்காகப் படகுகளுக்கும் வள்ளங்களுக்கும் பெயர் எழுதிக் கொடுக்கின்றார். அவர் சொன்னதை அவருடைய அனுமதியின்பேரில்தான் இங்கு சொல்லுகின்றேன்.

“ஐயா! ஊரிலுள்ள படகுக்கெல்லாம் பெயர் எழுதுகின்றேன். என்னுடைய படத்தின் அடியில் என்ன பெயர் எழுதுவதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. வெளியூருக்குப் போனால், ‘நீ சட்டைக்காரனா? உன் பாட்டன் வெள்ளைக்காரனா?’ என்று கேட்கின்றார்கள். வீட்டிலே பெரியவர்கள், ‘நாம் சந்திரகுலம், பாண்டிய வம்சம், அதைப் போட்டுக்கொள்’ என்கின்றார்கள். சிநேகிதர்களோ, ‘அந்நியன் வைத்த பெயரை அறுத்தெறி’ என்கின்றார்கள். நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை” என்றார்.

கையில் துணியில் எழுதிய ஒரு படம் வைத்திருந்தார். அதை விரித்துக் காட்டினார். இடது பக்கம் தொப்பியும் வாளுமாக ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவன். வலது பக்கம் கிரீடமும் மீன்கொடியுமாக ஒரு பாண்டிய ராஜா. இரண்டு பேரிடமிருந்தும் ஒரு சிவப்பு நாடா வருகின்றது. நடுவில் நிற்கின்ற இவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றார்.

“இது எங்கிருந்து கிடைத்த யோசனை?” என்று கேட்டேன். மெக்சிகோ தேசத்தில் பிரீடா காலோ என்று ஓர் அம்மையார் 1936ஆம் வருஷத்தில் எழுதிய படத்தைப் பார்த்து எழுதியது என்றார். அந்த அம்மையாரின் தகப்பனார் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். தாயார் வழியிலோ ஸ்பெயின் தேசத்தாரின் கலப்பும் அந்த மண்ணின் பழங்குடிகளின் கலப்பும் உண்டு. தம்மை ஒரு சிறு பெண்ணாக வரைந்து, கையில் ஒரு சிவப்பு நாடாவைக் கொடுத்து, அது தாய் தகப்பனையும் இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டிகளையும் சுற்றிப் போவதாக அவர் எழுதியிருக்கின்றார்.

நான் அந்த இளைஞரைக் கேட்டேன்: “உங்கள் பாட்டனார் என்ன வேலை செய்தார்?” “சங்கு குளித்தார். அவருடைய தகப்பனார் முத்துக் குளித்தார்.” “பாட்டியார்?” “கூடையில் மீன் சுமந்து விற்றார்.” “அவர்கள் இந்தப் படத்தில் எங்கே இருக்கின்றார்கள்?” என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

தோழர்களே! அந்த மெக்சிகோ அம்மையார் தமது சொந்தப் பாட்டன் பாட்டியை எழுதினார். நமது தோழரோ தாம் கேள்விப்பட்ட ஒரு கப்பல்காரனையும், கேள்விப்பட்ட ஒரு ராஜாவையும் எழுதி, சோறு போட்டு வளர்த்த பாட்டியை விட்டுவிட்டார். இது அவர் ஒருவருடைய குற்றமல்ல. நம் நாட்டில் இப்படித்தான் எல்லோரும் தங்கள் தங்கள் வம்சப் படத்தை எழுதிக்கொண்டிருக்கின்றார்கள்.

பெயர் வந்த விதம்

முதலாவது, இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். ஏறக்குறைய 500 வருஷங்களுக்கு முன் இந்தக் கரையில் முத்துத் தொழில் சம்பந்தமாகப் பரதவர்களுக்கும், இங்கு வியாபாரம் செய்துவந்த முஸ்லிம்களுக்கும் பெரிய சச்சரவு ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் ஜோவான் ட குரூஸ் என்கின்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரிடம் உதவி கேட்டுப் போனார்கள். உதவி கிடைத்தது. அதற்கு விலையாக மதம் மாற வேண்டியதாயிற்று. 1536, 1537 ஆகிய வருஷங்களில் இந்தக் கரையில் இருபதினாயிரம் பேர் அளவுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகின்றார்கள். 1542இல் சவேரியார் இங்கு வந்தபோது, ‘கிறிஸ்தவர்கள்’ என்பதற்கு மேல் இவர்களுக்குத் தங்கள் மதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று அவரே கடிதம் எழுதியிருக்கின்றார். தெரியாததற்கு என்ன காரணம்? அவர்கள் தேடிப் போனது மோட்சத்தை அல்ல. கடலில் பயமில்லாமல் பிழைக்க வழியைத்தான். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. மோட்சத்தைத் தேடிப் போவதைவிட அது எவ்வளவோ புத்திசாலித்தனமான காரியம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

அப்படி ஞானஸ்நானம் பெற்றபோதும் அதற்குப் பின்னும் வந்து ஒட்டிக்கொண்டவைதாம் இந்தப் பெயர்கள். பாதிரியும் ஞானத் தகப்பனும் தங்கள் தேசத்தில் வழங்கிய பெயரை வைத்தார்கள். அவ்வளவுதான். இதில் இரத்தம் எங்கே வந்தது? எங்கேயோ சில குடும்பங்களில் கலப்பு ஏற்பட்டும் இருக்கலாம். ஏற்பட்டிருந்தால் அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. ஆனால், பெயரைப் பார்த்து இரத்தத்தைச் சொல்ல முடியாது என்பது நிச்சயம்.

இதற்குப் பிலிப்பைன்ஸ் தீவுகளை ஓர் உதாரணமாகச் சொல்லுகின்றேன். அந்த நாட்டை ஸ்பெயின்காரன் ஆண்டபோது, 1849ஆம் வருஷத்தில் கிளவேரியா என்கின்ற கவர்னர், குடிகளுக்குக் குடும்பப் பெயர் ஒழுங்காக இல்லாததால் வரி வாங்கவும் கணக்கு வைக்கவும் கஷ்டமாயிருக்கிறதென்று, பெயர்களை அகராதி மாதிரி வரிசையாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்பி, அதிலிருந்து ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு போட்டான். இன்று அந்த நாட்டில் கார்சியா, ராமோஸ் என்று பெயர் வைத்திருப்பவர்களெல்லாம் ஸ்பெயின் தேசத்துப் பிரபுக்களின் பேரப்பிள்ளைகளா? கச்சேரியில் ஒட்டிய சீட்டுதானே அது!

கலப்பை அளந்த கணக்குகள்

நிற்க. ஒரு வேடிக்கையைச் சொல்லுகின்றேன். 1500ஆம் வருஷத்தில் கப்ரால் என்கின்ற போர்த்துகீசியன் ஒரு கப்பல் கூட்டத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டான். வழியில் தென் அமெரிக்காவில் இன்று பிரேசில் என்று சொல்லப்படும் கரையில் இறங்கிவிட்டு, அதே வருஷத்தில் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆகவே, அந்தக் கண்டத்தின் மேல் விழுந்த கையும் நமது கரையின் மேல் விழுந்த கையும் ஒன்றேதான். அங்கே வெள்ளைக்காரனும், பழங்குடிகளும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் கலந்து ஒரு பெரிய ஜனசமூகமே உண்டாயிற்று. அவர்களைத்தான் இன்று லத்தீன் அமெரிக்கர் என்கின்றார்கள்.

அந்தக் கலப்பைக் கண்டு ஸ்பெயின்காரன் என்ன செய்தான்? கணக்குப் போட்டான். மெக்சிகோவில் 200, 300 வருஷங்களுக்கு முன் இதற்கென்றே படங்கள் எழுதச் செய்தார்கள். ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரு குழந்தை. கீழே விலைச்சீட்டு மாதிரி ஒரு பெயர். ஸ்பெயின்காரனுக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்தால் மெஸ்டிசோ. மெஸ்டிசோவுக்கும் ஸ்பெயின்காரருக்கும் பிறந்தால் காஸ்டிசோ. இப்படியே பெரும்பாலும் பதினாறு படங்கள். மேலே வெள்ளைக்காரன், கீழே போகப் போக நிறமும் கறுப்பு, துணியும் கந்தல். இந்தப் பிரிவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘காஸ்டா’ என்பது.

இந்தக் ‘காஸ்டா’ என்கின்ற வார்த்தையைத்தான் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நமது ஜாதிகளுக்கு வைத்தார்கள். அதிலிருந்துதான் இங்கிலீஷ்காரனுடைய ‘காஸ்ட்’ என்ற வார்த்தையும் வந்தது. வார்த்தை அவனுடையது, சரக்கு நம்முடையது. எப்படியெனில், மெக்சிகோக்காரன் படம் எழுதுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாவது அத்தியாயம் இதே கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. பார்ப்பனப் பெண்ணுக்குச் சூத்திரனால் பிள்ளை பிறந்தால் சண்டாளன் என்கின்றது. சூத்திரப் பெண்ணுக்குப் பார்ப்பானால் பிறந்தவன் நிஷாதன் என்கின்றது. அந்த நிஷாதனுக்குத் தொழில் மீன் பிடித்துக் கொல்லுவது என்றும் அதே அத்தியாயம் விதிக்கின்றது. கேட்டீர்களா தோழர்களே! இந்தக் கரையில் மீன் பிடிப்பவர்கள் பறங்கி வருவதற்கு முன்னமேயே சாஸ்திரப்படி ‘கலப்பு’ ஆகிவிட்டார்கள். சாஸ்திரக்காரன் ஒரு கலப்பு என்கின்றான். ஊரான் பெயரைப் பார்த்து வேறு ஒரு கலப்பு என்கின்றான். ஆனால், வலையை இழுக்கின்ற கையில் எந்தக் கலப்பைக் கண்டார்கள் என்று கேட்கின்றேன்.

ராஜாவின் பேரன்

இந்த இழிவிலிருந்து தப்பித்துக்கொள்ளத்தான் ‘சந்திரகுலம், க்ஷத்திரியர், பாண்டிய வம்சம்’ என்று பெரியவர்கள் சொல்லுகின்றார்கள். இது பரதவர்கள் மாத்திரம் செய்கின்ற காரியமல்ல. இந்த நாட்டில் பாடுபடுகின்ற ஒவ்வொரு ஜாதியும் தனக்கு ஒரு ராஜாவைத் தேடி வைத்திருக்கின்றது. ஆனால், க்ஷத்திரியன் என்று ஒருவன் தன்னைச் சொல்லிக்கொண்டால் என்ன அர்த்தம்? வருணம் நான்கு என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? தனக்கு மேல் ஒரு பார்ப்பான் இருக்கின்றான், தனக்குக் கீழ் ஒருவன் இருக்கின்றான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகத்தானே அர்த்தம்? தன் முதுகிலேறி இருக்கின்றவனை இறக்காமல், இன்னொருவன் முதுகில் தான் ஏறிக்கொள்ளுவதற்குப் பெயர் சுயமரியாதை ஆகுமா?

‘நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு மனுதர்மம் இல்லை’ என்று சிலர் சொல்லக்கூடும். சந்தோஷம். அப்படியானால் மதம் மாறியதும் ஜாதி போயிருக்க வேண்டுமே, போயிற்றா? 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி பாதிரியார் என்ன செய்தார்? அங்கே ஏற்கெனவே இருந்த கோவிலில் பரதவக் கிறிஸ்தவர்கள் தொழுதுவந்தார்கள். அவர்களோடு சேர்ந்திருந்தால் தன்னையும் ‘பறங்கி’ என்று மேல்ஜாதிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று, தனியாகக் குடியிருந்து, மாமிசத்தை விட்டு, காவி கட்டி, பூணூலும் போட்டுக்கொண்டார். வேதத்தைப் பரப்ப வந்தவர், அதே வேதத்தை 70 வருஷமாக ஏற்றிருந்த ஜனங்களோடு சேர வெட்கப்பட்டார்! பின்னும், திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரே கோவிலுக்குள் இரண்டு ஜாதியார் ஒருவரையொருவர் பாராமல் தொழும்படி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஆகவே, மதம் என்கின்ற சட்டையை மாற்றினாலும் ஜாதி என்கின்ற தேமல் உடம்பிலேயேதான் இருக்கின்றது.

தூரத்துச் சொந்தக்காரன்

அப்படியானால் நமது தோழர் யார்? அவருடைய மூதாதை யார்? இதைத் தெரிந்துகொள்ளக் கடலுக்குள்தான் போக வேண்டும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒருவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் மூச்சை அடக்கிச் சிப்பியை வாரிக் கூடையில் போடுவான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்குக் கீழே அசைவு தெரிந்தால் இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் உயிர் இல்லை. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் ‘கடல்கட்டி’ என்று ஒருவன் கரையிலிருந்து மந்திரம் சொல்லுவான். கடலில் இறங்காத அவனுக்கும் சிப்பியில் பங்கு உண்டு. வெள்ளைக்கார சர்க்கார் நடத்தின குளிப்புகளில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது வழக்கம். அதாவது மூச்சை அடக்கினவனுக்கு ஒன்று. மூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு. பாண்டியன் காலத்து முத்தாகட்டும், பறங்கி காலத்து முத்தாகட்டும், இங்கிலீஷ்காரன் காலத்து முத்தாகட்டும், குளித்தவன் கழுத்தில் அது தொங்கியதாக எந்தப் புராணத்திலாவது எழுதியிருக்கின்றதா? தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பும் நின்றுபோயிற்று.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். தென் அமெரிக்காவில் வெனிசூலா கரையோரத்தில் குபாகுவா என்று ஒரு சிறு தீவு. தண்ணீரில்லாத வெறும் பொட்டல். அங்கே முத்துச் சிப்பி இருக்கக் கண்ட ஸ்பெயின்காரர்கள், பழங்குடி ஜனங்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வந்து, விடிந்தது முதல் பொழுது சாய்கின்ற வரையில் கடலில் முக்கினார்கள். இளைப்பாற மேலே நின்றால் அடி. குளிராலும், இரத்தம் கக்கியும், சுறாவின் வாயில் அகப்பட்டும் அவர்கள் செத்தார்கள். இதையெல்லாம் லாஸ் காஸாஸ் என்கின்ற ஒரு ஸ்பெயின் தேசத்துப் பாதிரியாரே மனம் பொறுக்காமல் 1542இல் எழுதி, 1552இல் அச்சிட்டார். 1542 என்பது சவேரியார் இந்தக் கரைக்கு வந்த அதே வருஷம் என்பதைக் கவனியுங்கள். ஒரு கரையில் சிலுவையும் முத்தும், இன்னொரு கரையிலும் சிலுவையும் முத்தும்.

தோழர்களே! லத்தீன் அமெரிக்காவில் நமக்குச் சொந்தக்காரன் ஒருவன் உண்டென்றால், அவன் வாள் கட்டிய ரொட்ரிகோ அல்ல; குபாகுவாவில் மூச்சடக்கிச் செத்த, பெயரும் தெரியாத அந்த மனிதன்தான். அவனுக்கும் தூத்துக்குடியில் கல் கட்டிக் குதித்தவனுக்கும் உள்ள சொந்தம் பெயரில் இல்லை, இரத்தத்திலும் இல்லை. பட்ட பாட்டில் இருக்கின்றது. நமது தோழரின் சிவப்பு நாடாவைக் கட்ட வேண்டிய இடம் அது என்பதுதான் என் அபிப்பிராயம்.

கலப்பில்லாத வீடு எது?

இனிக் கலப்பு என்கின்ற பேச்சுக்கு வருவோம். ‘நாங்கள் சுத்தமானவர்கள், எங்களிடம் கலப்பில்லை’ என்று சொல்லுகின்றவர்கள் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அவர்கள் திறக்கின்ற சாவி, ஜன்னல், அலமாரி, உட்கார்ந்து எழுதுகின்ற மேசை, பேனா இவையெல்லாம் போர்த்துகீசிய வார்த்தைகள். குழம்பில் போடுகின்ற மிளகாய் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தது. அன்னாசி, கொய்யா, பப்பாளி, தக்காளி, நிலக்கடலை எல்லாம் அங்கிருந்து வந்தவைதாம். பறங்கிக்காய் பெயரிலேயே ஒப்புக்கொள்ளுகின்றது. உங்கள் ஊர் மக்ரூனுக்கு முந்திரிப் பருப்புக் கொடுத்த மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதான். பறங்கி தொட்டதால் பரதவன் தீட்டு என்றால், பறங்கி கொண்டுவந்த மிளகாயைத் தின்ற சாஸ்திரிகள் எந்தக் குளத்தில் தலைமுழுகினார்கள்? நாக்கு ருசிக்குக் கலப்பு வேண்டும், மனிதனுக்கு மாத்திரம் ஆகாது என்றால் இது என்ன நியாயம்?

கலப்பினால் ஒன்றும் கெட்டுவிடாது, உண்மையில் புதிதாக ஒன்று உண்டாகும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே ருஜு இருக்கின்றது. 1927இல் இந்தத் தூத்துக்குடியில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்கு இட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரீகஸ். இந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஜோசப் என்பது யூதர்களின் வேதத்திலிருந்து வந்தது. பனிமயம் என்பது இந்த ஊர் மாதா கோவில். தாஸ் என்றால் வடமொழியில் அடிமை. ரொட்ரீகஸ் போர்த்துகீசியப் பெயர். ஒரு குழந்தையின் தலையில் எத்தனை மூட்டை! தகப்பனார் தேச விடுதலைக் கிளர்ச்சியில் ஈடுபட்டு ஜெயிலுக்குப் போனவர், பத்திரிகைக்காரர். குடும்பம் கொழும்பில் போய் வாழ நேரிட்டது. 1943இல் சென்னைக்கு வந்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து, தன்னுடைய வீட்டுப் பெயராகிய பாபு என்பதோடு சந்திரகுலத்தின் ‘சந்திர’வைச் சேர்த்துக்கொண்டு சந்திரபாபு ஆனார் என்று சொல்லுகின்றார்கள். பறங்கிப் பெயரைக் கழற்றினார். குலப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் மாற்றுவதால் மாத்திரம் ஜாதியை விட்டு ஓடிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

ஆனால், அவருடைய கலை எங்கிருந்து வந்தது? சந்திரனிலிருந்து வந்ததா, லிஸ்பன் பட்டணத்திலிருந்து வந்ததா? 1947இல் தன அமராவதி என்கின்ற படத்தில் தலைகாட்டினார். பின் வேஷமில்லாமல் திண்டாடி, 1952இல் உயிரையே விட்டுவிடத் துணிகின்ற அளவுக்கு மனம் உடைந்தார். தப்பிப் பிழைத்து வந்த பிறகு, ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்க்கின்றவர்கள் குரலை உடைத்துக் கூவுகின்ற முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். மேல்நாட்டு ஆட்டத்தை ஆடினார். 1958இல் வந்த சபாஷ் மீனாவில் ரிக்ஷா இழுக்கின்றவனாக வந்து, சென்னைத் தெருப் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார். மலை மாட்டுக்காரனிடமும், பட்டணத்து ரிக்ஷாக்காரனிடமும் கற்றுக்கொண்டவர்தான் தமிழ்நாட்டின் கலைஞர் ஆனார். வம்சத்தினால் அல்ல, கண்ணாலும் காதாலும் உழைப்பாலும் ஆனார். 1974இல் நாற்பத்தாறு வயதில், கையில் காசில்லாத நிலையில் அவர் இறந்தார். அப்போது ராஜ வம்சம் வந்து கைகொடுக்கவுமில்லை. பறங்கி வம்சம் வந்து கைகொடுக்கவுமில்லை.

இன்னும் ஒருவரையும் சொல்லுகின்றேன். இந்த ஊர் நகராட்சித் தலைவராயிருந்து, வல்லநாட்டிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டு, 1930இல் மறைந்த குரூஸ் பெர்னாந்து அவர்களை உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் யாராவது, ‘இது போர்த்துகீசியத் தண்ணீரா, க்ஷத்திரியத் தண்ணீரா?’ என்று கேட்டுவிட்டுக் குடித்தார்களா? தாகத்துக்குத் தெரிந்த நியாயம் தலைக்குத் தெரியவில்லையே!

என்ன பெயர் எழுதுவது?

காலையில் வந்த தோழர் போகும்போது வாசற்படியில் நின்று, “இன்னொன்றும் சொல்ல வேண்டும்” என்றார். வேறு ஜாதியில், வேறு மதத்தில் ஒரு பெண்ணை விரும்புகின்றார். அந்தப் பெண்ணும் விரும்புகின்றார். அந்தப் பெண் வீட்டார் உப்பளத்தில் பாடுபடுகின்றவர்கள். இவர் வீட்டில், “நம் இரத்தத்தில் கலப்புக் கூடாது” என்று சொல்லிவிட்டார்களாம்.

தோழர்களே! இப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 500 வருஷத்துக்கு முன், எங்கிருந்தோ கப்பலில் வந்த வெள்ளைக்காரனோடு கலந்ததாகச் சொல்லிக்கொள்ளுவது பெருமை. இன்று அடுத்த தெருவில் உப்பு வாருகின்ற தொழிலாளியோடு கலப்பது இழிவு! காணாத கலப்புக்கு மாலை, கண்முன் நிற்கின்ற கலப்புக்குக் கதவடைப்பு. அப்படியானால் இவர்களுக்குக் கலப்பைப்பற்றி ஆட்சேபணை இல்லை. கீழே இருப்பவன் என்று நினைக்கின்றவனோடு கலப்பதைப்பற்றித்தான் ஆட்சேபணை. மெக்சிகோவில் பதினாறு படம் எழுதினவனும் இதைத்தான் செய்தான். மனுவும் இதைத்தான் செய்தான்.

ஆகவே, அந்தத் தோழருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லுகின்றேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெயருக்குப் பின்னாலுள்ள ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தோம். ஐயர், முதலியார், பிள்ளை என்பவைகளை நினைத்துத்தான் அன்று அது சொல்லப்பட்டது. ஆனால், இந்தக் கரையில் பெர்னாந்து என்றால் என்ன ஜாதி என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மறுபிறப்பு என்று சொல்லிக் கொடுத்த பெயர் பழைய ஜாதிக்கே வாலாகிவிட்டது. அது வாலாக ஆடுகின்ற இடத்தில் அறுத்துவிடுங்கள். ஆயிரம் பெயரில் ஒரு பெயராகக் கிடக்கின்ற இடத்தில் கிடந்துவிட்டுப் போகட்டும். அந்நியன் வைத்தது என்பதற்காக மாத்திரம் அறுக்க வேண்டியதில்லை. அப்படி அறுப்பதானால் வடமொழிக்காரன் வைத்ததையும் அறுக்க வேண்டும். பிறகு நம்மில் அநேகர் பெயரில்லாமல்தான் நிற்போம். ஒருவனை அவன் பெயரால் அளக்காதீர்கள். அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகின்றான், யாருக்குப் பெண் கொடுக்கின்றான், யாரிடம் பெண் எடுக்கின்றான் என்பதைக் கேளுங்கள். அதில்தான் மனிதன் யார் என்பது தெரியும்.

அந்த இருவருடைய கலியாணத்துக்குப் பாதிரியாரும் வேண்டியதில்லை; புரோகிதரும் வேண்டியதில்லை. 1954ஆம் வருஷத்துத் தனி விவாகச் சட்டப்படி, வெவ்வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் அவரவர் மதத்தில் இருந்துகொண்டோ, இல்லாமலோ கலியாணம் செய்துகொள்ளலாம். விவாக அதிகாரிக்கு நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாள் பொறுத்து, மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்த மூன்று சாட்சிகளில் ஒருவனாக நான் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றேன். மற்ற இருவர் இந்தக் கூட்டத்திலிருந்து வர வேண்டும். ஒருவர் கடல் தொழிலாளியாகவும் ஒருவர் உப்பளத் தொழிலாளியாகவும் இருந்தால் நான் அதிகமாகச் சந்தோஷப்படுவேன். முப்பது நாள் நோட்டீஸ் என்பது முப்பது நாள் தொல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த முப்பது நாளும் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் நீங்கள் இன்று கைதட்டியதற்கு அர்த்தமாகும்.

படத்தைப்பற்றி அவர் கேட்டார். அழித்துவிட வேண்டாம் என்று சொன்னேன். துணியில் இன்னும் கீழே இடமிருக்கின்றது. அதில் மீன் கூடையோடு பாட்டியை எழுதட்டும். கல்லோடு பூட்டனை எழுதட்டும். அவர்களை எழுதி முடித்த பிறகு கப்பல்காரனும் ராஜாவும் எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றார்கள் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.